மல்லாந்தும் ஒருக்களித்தும் தூங்குபவருக்கு ஒரே தலையணை: அடுக்குகளை எப்படி அமைப்பது?

கேள்வி இதுதான்: இரவில் பாதி நேரம் ஒருக்களித்தும் பாதி நேரம் மல்லாந்தும் படுக்கிற ஒருவர், விடியும் நேரத்தில் சில சமயம் குப்புறப் புரண்டுவிடுகிறார். எல்லா நிலைக்கும் ஒத்துவருகிற மாதிரி ஓர் அடுக்குத் தலையணையை அவரே வடிவமைத்துக்கொள்ள முடியுமா? எத்தனை அடுக்கு வேண்டும், எது மேலே, எது கீழே?

முதல் இரண்டு நிலைகளுக்கு நன்றாகவே முடியும். குப்புறப் படுப்பதையும் அதே தலையணைக்குள் அடக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அடுக்குகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். தொடங்க வேண்டிய இடம் வேறு: தலையை வைத்த பிறகு தலையணை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? விற்கும்போது அட்டையில் போடுகிற 12 செ.மீ., 14 செ.மீ. என்பதெல்லாம் யாரும் படுக்காதபோது உள்ள உயரம். கழுத்துக்கு அந்த எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ இருக்கும். அந்த எடை ஏறியதும் ஒரு தலையணை 14-லிருந்து 11-க்கு இறங்கும், இன்னொன்று அதே 14-லிருந்து 6-க்கு இறங்கும். அதனால் இந்தப் பதில் முழுக்க 'அமுங்கிய உயரம்' என்ற ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

அது உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. தினமும் படுக்கிற அதே மெத்தையில் ஒருக்களித்துப் படுங்கள். தலைக்கடியில் அமுங்காத பொருளை வையுங்கள். கெட்டி அட்டைப் புத்தகங்களும் அவற்றின்மேல் ஒரு மெல்லிய துண்டும் போதும். முதுகுப் பக்கமிருந்து யாரையாவது செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து நடுமுதுகு வரை முதுகெலும்பு ஒரே நேர்கோட்டில் கிடக்க வேண்டும். தலை மெத்தைப் பக்கம் சாய்ந்தால் ஒரு புத்தகம் கூட்டுங்கள், மேல்பக்கம் தூக்கினால் ஒன்றை எடுத்துவிடுங்கள். கோடு நேரானதும் புத்தகங்களின் உயரத்தை அளந்தால், மெத்தையில் தோள் புதைவதும் அதற்குள் அடங்கிவிட்ட சரியான எண் கையில் கிடைக்கும். அப்புறம் மல்லாந்து படுத்து அதையே செய்யுங்கள். இப்போது பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும்: நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில், பார்வை நேராகக் கூரையை நோக்கி. முகவாய் நெஞ்சை நோக்கி மடங்கினால் உயரம் அதிகம். அது அண்ணாந்து போனால் உயரம் போதவில்லை.

சுவரில் தோள் படும்படி பக்கவாட்டில் நின்று, காதுக்கு மேலிருந்து சுவர் வரை அளக்கிற முறையும் உண்டு. சரிபார்க்க உதவும், ஆனால் மெத்தையை அது கணக்கில் எடுப்பதில்லை. கெட்டியான மெத்தையில் தோள் சிறிதளவே புதையும். மெதுவான மெத்தையில் 4 செ.மீ. கூட இறங்கும். ஒரே ஆள், ஒரே தோள், மெத்தை மாறியதும் தலையணையின் உயரமும் மாற வேண்டும். புது மெத்தை வாங்கிய பிறகு கழுத்து வலி வந்துவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு, பழைய தலையணை அப்படியே தொடர்வதுதான் சிக்கல்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நடுத்தரத் தோள் அகலம் உள்ள ஒருவருக்கு, நடுத்தரக் கெட்டி மெத்தையில், ஒருக்களித்தால் 10.5 செ.மீ., மல்லாந்தால் 5.5 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5 செ.மீ. அடுக்குத் தலையணையின் வடிவமைப்பில் ஆகக் கடினமான பகுதி இந்த 5 செ.மீ.தான். பொருளைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதற்கு அடுத்தது.

சாதாரண ஒற்றைப் பஞ்சுத் தலையணை இதை எப்படிச் சமாளிக்கிறது? சமாளிப்பதில்லை. தூக்கத்தில் நாம் அதை மடிக்கிறோம், கையை அடியில் செருகுகிறோம், ஒரு மூலையைத் திரட்டிக் கழுத்துக்குக் கீழே தள்ளுகிறோம். உடம்பே செய்துகொள்கிற இந்தச் சரிக்கட்டல்களை வடிவத்துக்குள் கொண்டுவருவதுதான் வேலை.

முதலில் அடுக்குகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்போம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஃபோம் தாள்கள் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே விசைதான் கீழே இறங்குகிறது. ஒவ்வொன்றும் தன் கெட்டித்தன்மைக்கு ஏற்ப அமுங்குகிறது. மொத்த இறக்கம் என்பது எல்லா இறக்கங்களின் கூட்டுத்தொகை. அதனால் மெதுவான ஓர் அடுக்கு எங்கே இருந்தாலும் உயரத்தைத் தின்னும். அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்து, தின்னும் அளவும் முகத்தில் படுகிற உணர்வும் மாறும். கெட்டியானதை மேலே வைத்தால் அது சுமையைப் பரப்பிக் கீழே அனுப்பும். அடியிலிருக்கும் மெதுவான அடுக்கு பேருக்குத்தான் அமுங்கும், காதும் கன்னமும் பலகையில் வைத்ததுபோல இருக்கும். மெதுவானது மேலே, கெட்டியானது கீழே என்ற வரிசைக்கு இதுதான் காரணம்.

ஃபோமுக்கு இன்னொரு குணமும் உண்டு. அமுக்கத் தொடங்கும்போது கொஞ்சம் எதிர்க்கும், பிறகு அதனுள் இருக்கும் நுண்ணறைகள் மடங்குவதால் சுலபமாக இறங்கும், கடைசியில் அறைகள் எல்லாம் ஒட்டிப்போய்ச் சட்டென்று கெட்டியாகிவிடும். மேலடுக்கு இந்தக் கடைசிக் கட்டத்தை எட்டினால் அது அங்கே இருந்தும் இல்லாததுபோல்தான். மிக மென்மையான ஒன்றை வாங்கிப் போட்டால் இதுதான் நடக்கும். தடிமனைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று நினைத்தால் தலை உள்ளே புதைந்து, புரள்வதே ஒரு வேலையாகிவிடும்.

என் உதாரணத்தில் மூன்று அடுக்கு போதும். மேலே 3 செ.மீ. மெதுவான அடுக்கு. இதன் வேலை அழுத்தத்தைப் பரப்புவது மட்டும்தான். காது மடல் தலையிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, அது புதைய இடம் வேண்டும் என்பதால்தான் 3 என்கிறேன். தலை ஏறியதும் இது ஏறக்குறைய 1 செ.மீ. ஆகிவிடும். நடுவே 4 செ.மீ. துள்ளும் தன்மையுள்ள அடுக்கு. ஒருக்களித்த தலைக்கு இது 3 செ.மீ. அளவில் நிற்கும். அடியில் 7 செ.மீ. கெட்டி அடுக்கு, அரை செ.மீ. இறங்கினால் அதிகம். கூட்டிப் பாருங்கள்: படுக்காதபோது 14, படுத்தால் 10.5.

சரி, மல்லாந்து படுக்க? தலையின் பின்பக்கம் உருண்டையானது. அதன் சுமை சிறிய வட்டத்தில் இறங்குகிறது. அதனால் அதே அடுக்குகளில் மல்லாந்த தலை கூடுதலாகக் கொஞ்சம் புதையும். நடு அடுக்கு 3-க்குப் பதில் 2.5 ஆகும், அவ்வளவுதான். தலையணைக்குத் தானாகக் கிடைக்கிற சலுகை இது என்றாலும் நமக்கு வேண்டிய 5 செ.மீ.க்குப் பக்கத்தில் கூட வரவில்லை. மீதியை அடியடுக்கின் வடிவத்தில்தான் கொண்டுவர வேண்டும்: அதன் நடுப்பகுதியை 7-லிருந்து 2.5 செ.மீ.க்குக் குறைத்துவிடுங்கள். நடுவில் அமுங்கிய உயரம் 1, 2.5, 2 என்று கூடி 5.5-க்கு வந்துவிடும். மேலிரண்டு அடுக்குகளும் தலையணை முழுக்க ஒரே தடிமனில் ஓடலாம். வெட்ட வேண்டியது அடியடுக்கை மட்டும் என்பதால் வீட்டில் செய்பவருக்கும் இது கைக்கு அடங்கிய வேலைதான்.

அகலத்தைப் பிரிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நடுப்பள்ளத்தின் சமதளம் குறைந்தது 20 செ.மீ. இருக்கட்டும், தலையின் அகலம் 15 செ.மீ. அளவில் இருப்பதால் இரண்டு பக்கமும் சற்று இடம் மிஞ்சும். அங்கிருந்து இரு புறமும் 5 செ.மீ. அகலத்தில் சரிவு, அதற்கப்பால் தலா 18 செ.மீ. மேடு. மொத்தம் 66 செ.மீ. சரிவை விட்டுவிட்டுப் படிபோல வெட்டினால் வேலை சுலபம்தான், ஆனால் தூக்கத்தில் புரளும்போது தலை அந்த விளிம்பில் முட்டி நிற்கும், விழிப்பு வரும். சரிவாக இருந்தால் தலை உருண்டே மேட்டில் ஏறிவிடும். மேலே 7 செ.மீ. அளவுக்கு ஃபோம் மூடியிருப்பதால் வெட்டு கொஞ்சம் கோணலானாலும் பரவாயில்லை, வெளியே தெரியாது. நீளமான, பல் வைத்த ரொட்டிக் கத்தி ஃபோமை நன்றாக அறுக்கும்; கத்திரிக்கோல் நசுக்கித்தான் வெட்டும்.

இது தலைக்கு. கழுத்துக்குத் தனியாக யோசிக்க வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கழுத்து முள்ளெலும்புகள் ஏழும் முன்னோக்கி வளைந்த ஒரு வில்லாக அமைந்திருக்கின்றன. மல்லாந்து படுத்தால் பிடரிக்கும் தலையணைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. ஒருக்களித்தாலும் அப்படித்தான்: கழுத்து தலையை விட ஒடுங்கியது, காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்த இடைவெளியை எதுவும் தாங்காவிட்டால், தலை சரியான உயரத்தில் இருந்தாலும் கழுத்துத் தசைகள் இரவு முழுக்க இழுபட்டுக் கிடக்கும். தீர்வு, தோள் பக்க விளிம்பை ஒட்டி 10 செ.மீ. அகலத்துக்கு 2 செ.மீ. கூடுதல் உயரம். அதை நடு அடுக்குக்கும் அடியடுக்குக்கும் இடையில், மேல்பக்கம் உருட்டாகச் செதுக்கிய ஒரு பட்டையாக வையுங்கள். மேல் அடுக்கின் மீது வைத்தால் உருளைக்கட்டை மாதிரி உறுத்தும்.

இன்னொன்று, தோள் தலையணையின் மேல் ஏறக்கூடாது. தோளும் சேர்ந்து உயர்ந்துவிட்டால் நாம் போட்ட கணக்கு எல்லாம் வீண். மேட்டுப் பகுதிகளின் தோள் பக்க விளிம்பில் 3 செ.மீ. ஆழத்துக்கு உள்வளைவாக ஒரு வெட்டு கொடுத்தால், தோள் அந்த வளைவுக்குள் வந்து நிற்கும், கழுத்துப் பட்டையும் கழுத்தை விட்டு விலகாது.

பொருள்களுக்கு வருவோம். மெமரி ஃபோம் 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளைப் பாதுகாப்பாக்க உருவாக்கப்பட்டது. அழுத்தத்தைப் பரப்புவதில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் மெதுவாக அமுங்கி மெதுவாக எழுவது அதன் பிறவிக் குணம். புரண்டபின் பழைய குழி சில நொடிகள் அப்படியே இருக்கும். குளிரில் கெட்டியாகும், சூட்டில் தளரும். இந்தக் காரணங்களால் அதை மேலே 3 செ.மீ. அளவோடு நிறுத்துகிறேன். முழுத் தலையணையையும் மெமரி ஃபோமில் செய்வது அடிக்கடி புரள்கிறவருக்கு ஏற்றதில்லை.

நடு அடுக்குக்கு லேடெக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம்தான் என் தேர்வு. கையை எடுத்த மறுநொடியே எழுந்துவிடும், புரளும் தலையோடு கூடவே எழும்பும். வார்ப்பிலேயே துளைகள் விழுவதால் காற்றும் போகும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, நல்ல துள்ளலுள்ள பாலியூரித்தேன் ஃபோமைப் பயன்படுத்தட்டும். அடியடுக்குக்குக் கெட்டியான சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் போதும். அங்கே விலை கூடிய பொருளைப் போட்டு ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

ஃபோம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லப்படுகிற அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. அடர்த்தி, பெரும்பாலும் அது எத்தனை காலம் உழைக்கும் என்பதற்கான அடையாளம். கெட்டித்தன்மையை, ஒரு மாதிரித் துண்டைக் குறிப்பிட்ட அளவு, வழக்கமாக 25 சதவீதம், அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தனியாக அளக்கிறார்கள். அடர்த்தி கூடிய ஃபோம் மெதுவாக இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கெட்டியாகவும் இருக்கலாம். அடியடுக்குக்கு இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இலவம் பஞ்சும் பாலியஸ்டர் ஃபைபரும் அடுக்குக்கு ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். மேலே ஒரு மெல்லிய மெத்தை மாதிரி தைத்துப் போட்டால் அருமையாக இருக்கும், காற்றோட்டமும் உண்டு. உயரத்தைத் தாங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். இழைகள் ஒதுங்கும், திரளும், இன்று 10.5 என்றால் இரண்டு மாதத்தில் என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுக்குகளை ஒட்டலாமா? முழுப் பரப்பிலும் பசை தடவாதீர்கள். காய்ந்த பசை ஒரு கெட்டித் தோலாகிக் காற்றையும் அடைக்கும், அமுங்கலையும் தடுக்கும். நீர் சார்ந்த பசையை ஓரங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக வையுங்கள். அடியடுக்கின் துண்டுகளும் கழுத்துப் பட்டையும் நகராமல் இருந்தால் சரி. மேலடுக்கை ஒட்டவே வேண்டாம், காரணம் கடைசியில்.

உறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததைக் கெடுக்கிற வலிமை அதற்குத்தான் அதிகம். நீளாத நெசவுத் துணியில் இறுக்கமாகத் தைத்த உறை, மத்தளத் தோல்போல விறைத்துத் தலையைத் தானே தாங்கிவிடும். நடுப்பள்ளம் துணிக்கு அடியில் சும்மா கிடக்கும். உள்ளுறையும் வெளியுறையும் நாலாபுறமும் நீளக்கூடிய பின்னல் துணியாக இருக்கட்டும். நெசவுத் துணிதான் வேண்டும் என்றால் தாராளமாகத் தளர்த்தித் தைக்க வேண்டும். ஜிப் தோளுக்கு எதிர்ப்பக்கம் வரட்டும். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பூச்சுள்ள பாதுகாப்பு உறைகளும் இதே தொல்லையைத் தரும், கூடவே வியர்வையையும்.

அடுத்து, திருத்திக்கொள்ளும் வசதி. எவ்வளவு கவனமாக அளந்தாலும் முதல் முறையிலேயே மில்லிமீட்டர் சுத்தமாக அமையாது. அதனால் கணக்கில் வந்ததை விட அடியடுக்கை 1 செ.மீ. குறைத்து வெட்டி, 1 செ.மீ. தடிமனில் மூன்று தாள்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், மெத்தையை ஒட்டிப் போக வேண்டும். கடையில் விற்கும் பல அடுக்குத் தலையணைகளில் கூட்டிக் குறைக்கும் தாளை நடுவிலோ மேலேயோ வைத்துவிடுகிறார்கள். ஒன்றை எடுத்ததும் உயரத்தோடு முகத்தில் படும் உணர்வும் மாறிப்போய், எது காரணம் என்றே தெரியாமல் போகிறது. ஒரு தாளில் தொடங்குங்கள். மாற்றினால் ஒரு வாரமாவது படுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள், ஏனென்றால் பழைய தலையணைக்குப் பழகிய கழுத்து முதல் சில நாள் எதைக் கொடுத்தாலும் முறைத்துக்கொள்ளும்.

படுத்துப் பார்ப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்யலாம். தலையணையின் மேட்டில் 12 செ.மீ. விட்டமுள்ள ஒரு தட்டை வைத்து, அதன்மேல் 5 லிட்டர் தண்ணீர் நிரப்பிய கேனை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் இது தலையின் எடைக்குச் சமம். பத்து நிமிடம் கழித்து, மெமரி ஃபோம் இறங்கி முடிந்த பிறகு, தட்டின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளங்கள். பள்ளத்திலும் அதையே செய்யுங்கள். புத்தகங்களால் அளந்த எண்களோடு 1 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் படுக்கலாம், இல்லாவிட்டால் தாள்களைக் கூட்டிக் குறையுங்கள். தரையில் அளந்ததற்கும் படுக்கையில் கிடைப்பதற்கும் சின்ன வேறுபாடு இருக்கும், தலையணைக்கு அடியில் மெத்தையும் கொஞ்சம் அமுங்குமே. அதையும் தாள்களே பார்த்துக்கொள்ளும்.

இப்போது குப்புறப் படுப்பது. அந்த நிலையில் மூச்சுவிட முகத்தை ஒரு பக்கம் திருப்பியாக வேண்டும். கழுத்து ஏற்கெனவே முறுக்கிக் கிடக்கிறது. அதன்மேல் உயரமும் சேர்ந்தால் கழுத்து பின்னோக்கியும் வளையும். அங்கே வேண்டியது 2, 3 செ.மீ., அல்லது தலையணையே இல்லாமை. நம்முடைய தலையணையில் எந்த இடத்திலும் அவ்வளவு தாழ்வு இல்லை, அப்படி ஒரு பகுதியைச் சேர்த்தால் மற்ற இரண்டும் குறுகிவிடும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கவாட்டில் ஒரு நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தால் உடம்பு பாதிக் குப்புற நிலையிலேயே நின்றுவிடும். அப்போது மேட்டின் ஓரம் கொஞ்சமாவது உதவும். முழுக்கக் குப்புறத்தான் தூக்கம் வரும் என்பவருக்கு அடிவயிற்றுக்குக் கீழே மெல்லிய தலையணையும், தலைக்கு மடித்த துண்டும் போதும். இந்த வடிவம் அவருக்கானதே அல்ல.

வேறு சிலருக்கும் இது பொருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் படுக்கையில் எந்தத் தலையணையும் இருக்கக்கூடாது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. நெஞ்செரிச்சலுக்காகத் தலையை உயர்த்த நினைப்பவர்கள் தலையணை உயரத்தைக் கூட்டினால் கழுத்துதான் மடங்கும். அதற்கு நெஞ்சையும் சேர்த்துச் சாய்வாகத் தூக்குகிற ஆப்பு வடிவத் திண்டுதான் சரி. கையில் மரத்துப்போதல், விரல் நுனி வரை இறங்கும் வலி இருந்தால் ஃபோமை வெட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பராமரிப்பு சுருக்கமாக: ஃபோமையும் லேடெக்ஸையும் தண்ணீரில் முக்க வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். புற ஊதாக் கதிர் இரண்டையும் மஞ்சளாக்கி உதிர வைக்கும். உறைகளைத் துவைத்து, அடுக்குகளைப் பிரித்து நிழலில் காற்றாட வைத்தால் போதும். மூன்றில் முதலில் தளர்ந்துபோவது மேலடுக்குதான். தண்ணீர் கேன் சோதனையை அவ்வப்போது செய்து பாருங்கள்; கேனை எடுத்த பிறகும் மேலடுக்கில் பள்ளம் நிரந்தரமாக நின்றால், அந்த 3 செ.மீ. தாளை மட்டும் உருவிப் புதியதைப் போடுங்கள். மேலடுக்கை ஒட்ட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.